நாற்காலி கொடுப்பதா, கை கொடுப்பதா?

நுழையுமுன்

ஊரில் வாழ்ந்த தாத்தா பாட்டியர் தம் பிள்ளைகளோடு வாழப் பெருநகருக்கு வருகின்றனர். இங்கே அவர்களுக்கு வசதிகள் பல கிடைக்கின்றன. ஆனால், உடலுழைப்பு நின்றுவிடுகிறது. வலிக்கிறது என்று உட்காரும் உடல், உட்கார்ந்திருப்பதாலேயே மேலும் வலிப்பது ஏன்? இளையோர் அதற்குச் செய்யத்தக்கது என்ன? ஓர் ஆசிரியரின் கருத்தைப் படித்து அறிவோம்.

அன்பு மாணவர்களே!

நீங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பை மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுவர், பந்து விளையாடுவர். மரத்தடி இருக்கைகளில் முதியோர் சிலர் அமர்ந்திருப்பர். வேறு சிலரோ கீழே இறங்கி வருவதே இல்லை. ஐந்தாம் மாடியிலோ எட்டாம் மாடியிலோ பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தங்களுக்குத் தெரியாத மொழியில் பேசிச்செல்லும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பர். அவர்களுள் உங்கள் தாத்தாவும் பாட்டியும் இருக்கலாம்.

"ஏன் பாட்டி கீழே வரவில்லை?" என்று கேட்டால், "முட்டி வலிக்கிறது" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். "வலிக்கிறதா? அப்படியானால் நடக்காதீர்கள், உட்காருங்கள்" என்று நாமும் உடனே சொல்லிவிடுவோம். இப்படிச் சொல்வது அன்பினால்தான். ஆயினும், அந்த அன்பு அவர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பதே என் கருத்து. முதியவருக்கு நாம் தரவேண்டியது நாற்காலி அன்று; எழுந்து நடக்க ஒரு கை. இதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே என் வீட்டில் கற்றேன்.

என் வீட்டில் நிகழ்ந்தது

பணியிட மாற்றம் பெற்றுப் பெங்களூருக்கு நான் வந்தபோது என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் அவர் தனியே வாழ்ந்து வந்தார். விடியற்காலையில் எழுவார், வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் குனிந்து புள்ளிக்கோலம் இடுவார், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வருவார், கொல்லையில் கீரைப்பாத்திக்கு நீர் ஊற்றுவார், மாலையில் குளத்தங்கரைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போய் வருவார். உடற்பயிற்சி என்னும் சொல்லை அவர் வாழ்வில் பயன்படுத்தியதே இல்லை. ஆனால், ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார், எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தார் என்று அவர்கூட எண்ணியிருக்கமாட்டார்.

முட்டி வலி என்று அவர் தொலைபேசியில் சொன்னதும் அவரை இங்கே அழைத்து வந்துவிட்டேன். இங்கே வாசல் என்பது இரண்டு அடி ஓடுதளம். தண்ணீர் குழாயில் வருகிறது. மேலும் கீழும் செல்ல மின்தூக்கி இருக்கிறது. "இத்தனை ஆண்டுகள் உழைத்தது போதும் அம்மா, இனி ஓய்வெடுங்கள்" என்று சொல்லி, தொலைக்காட்சிக்கு எதிரே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டேன். தாய்க்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை.

ஓராண்டு கழிந்தது. ஓய்வெடுத்த முட்டி முன்னைவிட மிகுதியாக வலித்தது. நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றாமல் அவரால் எழ இயலவில்லை. குளியலறைக்குச் செல்லவும் சுவரைப் பிடித்துக்கொண்டார். பகலில் உறங்கியதால் இரவில் உறக்கம் கெட்டது. ஒருநாள் அவர், "ஊரிலே இருந்தவரைக்கும் வலியோடு நடந்தேன். இப்போ வலி மட்டும்தான் இருக்கு, நடை இல்லே" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் கொடுத்த நாற்காலி அவருடைய நடையை வாங்கிக்கொண்டுவிட்டது.

அசையாத உடலுக்கு என்ன நேர்கிறது?

என் தாயாருக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதுடைய, நல்ல உடல்நலம் கொண்ட ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உழைக்கும்போது உடல் எவ்வளவு உயிர்வளியைப் பயன்படுத்த முடிகிறது என்பதைப் படுக்கைக்கு முன்னும் பின்னும் அளந்தனர். அந்த ஆற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதே ஐவரும் ஐம்பது வயதில் மீண்டும் அழைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய ஆற்றலைக் குறைத்திருந்தது உண்மைதான். ஆனால், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு அது குறைக்கவில்லை! மேலும், ஆறு மாதப் பயிற்சியால் அவர்கள் இழந்த ஆற்றலைத் திரும்பப் பெற்றனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நாம் முதுமையின்மேல் சுமத்தும் குற்றங்களுள் பல, உண்மையில் அசையாமையின் குற்றங்கள். வயதைக் குறைக்க எவராலும் இயலாது. அசையாமையைக் குறைக்க எல்லாராலும் இயலும்.

மற்றோர் எடுத்துக்காட்டையும் காண்போம். பெங்களூரு மாநகரப் பேருந்தில் நீங்கள் நாள்தோறும் பயணம் செய்கிறீர்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுவதில்லை. நடத்துநர் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறார். இவ்விருவருள் யாருக்கு வேலை கடினம் என்று நினைக்கிறீர்கள்? இதே காட்சியை இலண்டன் மாநகரில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அங்கு ஓடியவை இரண்டு அடுக்குப் பேருந்துகள். பயணச்சீட்டு வழங்க நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கவேண்டும். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பச் சூழல். ஆயினும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. 1953-இல் வெளிவந்த இந்த ஆய்வு, உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்தியது. தாம் கண்டறிந்ததைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்த மோரிஸ் 99 வயதுவரை வாழ்ந்தார்.

நடந்தால் மூட்டு தேய்ந்துவிடாதா?

இந்தக் கேள்வியைப் பலர் எழுப்புவர். மூட்டைச் சக்கரத்தின் அச்சாணிபோல் கருதுவதே இக்கேள்விக்குக் காரணம். அச்சாணி ஓட ஓடத் தேயும். மூட்டோ உயிருள்ள உறுப்பு. எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்திலிருந்தே அது பெரும்பாலும் உணவு பெறுகிறது. நனைந்த பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறும். விட்டால் உள்ளே ஏறும். அதுபோல, நடக்கும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிகிறது. கழிவு வெளியேறி ஊட்டம் உள்ளே செல்கிறது. அசைவே மூட்டுக்கு ஊட்டும் கை.

இதைவிட இன்றியமையாதது தசையின் பணி. தொடையின் முன்புறத் தசை வலுவாக இருந்தால் உடற்பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். அது மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும், வலி கூடும். வலிக்கிறது என்று நடையை நிறுத்தினால் தசை மேலும் மெலியும். மெலிந்தால் மேலும் வலிக்கும். செக்குமாடுபோல் முதியவர் இந்த வட்டத்துக்குள்ளேயே சுழல்வார். இந்த வட்டத்தை உடைக்கும் இடம் ஒன்றே, அது பயிற்சி.

இடுப்பு வலிக்கும் இதே கருத்துப் பொருந்தும். நாள்தோறும் ஆறு பாடவேளை நின்று பாடம் நடத்துவதால் எனக்கே இடுப்பு வலி உண்டு. பலரைப்போல் நானும் இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கி அணிந்தேன். முற்காலத்தில் இடுப்பு வலி என்றால் படுக்கையில் கிடக்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. இன்று மருத்துவர்கள் அவ்வாறு சொல்வதில்லை; இயன்றவரை வழக்கமான வேலைகளைச் செய்யுமாறே கூறுகின்றனர். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியுடன் வாழ்ந்தனர். நெடுநாள் இடுப்பு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வலி உள்ளவருக்கு அதைப் பற்றிய விளக்கமும் முறையான உடற்பயிற்சியும் தரவேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான மருத்துவமாகப் பரிந்துரைக்கவில்லை. என் பட்டை இப்போது அலமாரியில் இருக்கிறது.

ஐம்பதில் வளையுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டனர். நல்ல பழக்கங்களை இளமையிலேயே தொடங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட பழமொழி இது. அந்தப் பொருளில் இது மெய்யே. ஆனால், "இந்த வயதில் இனி என்ன பயிற்சி?" என்று கைவிடுவதற்கு இப்பழமொழியைக் காரணம் காட்டுவது முறையன்று. ஐம்பது என்ன, தொண்ணூறிலும் உடல் வளையும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயதுவரை ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்தசை வலுப்பயிற்சி அளித்தனர். அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், தளர்ந்தவர்கள், நோய்கள் பல உடையவர்கள். பயிற்சியை முழுமையாக முடித்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தனர். 1990-இல் வெளியான இந்த ஆய்வு, முதியவர் தசை பயிற்சிக்குப் பயன் தராது என்னும் எண்ணத்தை மாற்றியது.

நம் மண்ணிலும் சான்றுகள் உண்டு. பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918-இல் பிறந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறுவயதில் மலேரியா, காசநோய், டைபாய்டு ஆகிய நோய்களால் வாடியவர் அவர். பதினைந்து வயதில் மைசூரில் தம் சகோதரியின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்கத் தொடங்கினார். நலிந்த உடலைப் பயிற்சியால் தேற்றிய அவர், பிற்காலத்தில் புணேயில் வாழ்ந்து, உலகெங்கும் மாணவர்களைப் பெற்றார். 1979-இல் நேர்ந்த ஸ்கூட்டர் விபத்து அவருடைய தோளையும் முதுகையும் தாக்கியது. அறுபது வயதில் தொடக்க மாணவரைப்போல் எளிய பயிற்சிகளிலிருந்து மீண்டும் தொடங்கித் தம் திறனை மீட்டார். 2014-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். தொண்ணூறைக் கடந்த பின்னும் பயிற்சியை அவர் கைவிடவில்லை.

நாற்காலி, கட்டை, கயிறு, தலையணை ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, வளைய இயலாதவரும் யோகம் செய்யலாம் என்று காட்டியது ஐயங்காரின் சிறப்பு. நாற்காலியை எழாமல் உட்காருவதற்கும் பயன்படுத்தலாம்; எழுந்து நிற்பதற்கும் பயன்படுத்தலாம். பயன்படுத்துபவரின் எண்ணமே அதை முடிவு செய்கிறது.

கோயம்புத்தூரில் வாழ்ந்த நானம்மாள் பாட்டியையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். பொள்ளாச்சிப் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர் தம் தந்தையாரிடம் யோகம் கற்றார். புடவை அணிந்தபடியே ஆசனங்களைச் செய்துகாட்டி, தொண்ணூறு வயதைக் கடந்தும் மாணவர்களுக்குக் கற்பித்தார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 99.

உங்கள் பாட்டி நானம்மாளைப்போல் தலைகீழாக நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவேண்டும் என்றே சொல்கிறேன். எழுபது வயதில் அதுவும் ஒரு வெற்றியே.

எவ்வளவு, எப்படி?

வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும். குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், கீழே விழாமல் இருப்பதற்காக, வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 150 நிமிடம் என்பது பெரிதாகத் தோன்றலாம். நாளுக்கு அரைமணி நேரம் என ஐந்து நாள் நடந்தாலே போதும். அந்த அரைமணியையும் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முழு அளவும் இயலாதவருக்குச் சிறிதளவும் நன்மையே.

உங்களுக்கும் அளவு உண்டு. ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளோர் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைத்து விளையாடவேண்டும். கைபேசியில் விளையாடும் கிரிக்கெட் இந்தக் கணக்கில் சேராது!

என் தாயாருக்கு இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்தவை மிக எளியவை. நாற்காலியில் அமர்ந்து எழுதல். அமர்ந்தபடியே ஒரு காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். தரையில் மெல்ல நடத்தல். முதல் வாரம் தசைகள் வலித்தன. நிறுத்திவிடலாமா என்று நானே தயங்கினேன். பயன்படுத்தாத தசை மீண்டும் உழைக்கும்போது சிறிது வலிப்பது இயல்பு என்றும், மறுநாளைக்குள் தணியும் வலிக்கு அஞ்சவேண்டா என்றும் அந்த மருத்துவர் விளக்கினார். சிறிதளவில் தொடங்குவதும் மெல்ல மெல்லக் கூட்டுவதும் இதில் முதன்மையானவை.

எல்லா வலிக்கும் நடையே மருந்து என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். கீழே விழுந்தபின் வரும் வலி, மூட்டு சிவந்து வீங்குதல், காய்ச்சலோடு கூடிய வலி, காலில் உணர்விழப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். இதயநோய், நீரிழிவு போன்றவை உடையோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்கவேண்டும். மருந்து வேண்டிய இடத்தில் மருந்தும் வேண்டும். பயிற்சி மருந்துக்குப் பகையன்று, துணை.

நகரமும் ஒரு தடை

"நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது?" என்று முதியோர் கேட்பது நியாயமே. பெங்களூரின் நடைபாதைகள் பல இடங்களில் உடைந்து கிடக்கின்றன. கற்பலகை ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருக்கும். இடையில் இருசக்கர வண்டி நிறுத்தப்பட்டிருக்கும். இளைஞருக்கு அது தொல்லை. முதியவருக்கு அது எலும்பு முறிவு. நல்ல நடைபாதை அமைப்பதும் ஒரு மருத்துவப் பணியே என்பதை நகரை ஆள்வோர் உணரவேண்டும். நடைபாதையில் வண்டி நிறுத்துவோரும் உணரவேண்டும்.

ஆயினும், இந்நகரம் நமக்கு வழங்கியிருக்கும் செல்வங்களும் குறைவல்ல. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் பூங்கா இன்று 240 ஏக்கரில் பரந்துள்ளது. ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுப் பழைமையுடைய அதன் பாறைமேல் காலையில் வயதானோர் பலர் மெல்ல ஏறுவதைக் காணலாம். 1870-இல் உருவான கப்பன் பூங்கா நகரின் நடுவே நிழல் தருகிறது. 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கு அருகில் நிற்கிறது. இவை யாவும் தொலைவு என்றால், உங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள பாதையும் போதும். மழைக்காலத்தில் வீட்டுக் கூடமே போதும்.

உங்கள் பங்கு

முதியோர் நடக்காமல் இருப்பதற்கு வலி மட்டும் காரணமன்று. துணையின்மையும் ஒரு காரணம். ஊரில் தெருவில் இறங்கினால் பேச ஆள் உண்டு. இங்கே மொழி புதிது, முகங்கள் புதியன. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு, வழி தவறிவிடுவோமோ என்ற அச்சமும் சேர்கிறது. இந்த அச்சத்தைப் போக்கும் ஆற்றல் மருத்துவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. கன்னடமும் தமிழும் அறிந்தவர்கள் நீங்கள். இந்நகரின் தெருக்களில் வளர்ந்தவர்கள் நீங்கள்.

ஜப்பான் நாட்டில் 1928 முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. காலை ஆறரை மணிக்கு இசை ஒலிக்கும்; பூங்காக்களில் கூடும் மக்கள் அதற்கேற்பக் கைகால்களை அசைப்பர். கோடை விடுமுறையில் சிறுவர்களும் வந்து, முதியோரின் அருகில் நின்று பயிற்சி செய்வர். வந்த நாளுக்கு ஒரு முத்திரை அவர்களுடைய அட்டையில் பதிக்கப்படும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இச்செயல் இரு தலைமுறைகளை ஒரே இடத்தில் நிற்கவைக்கிறது. நம் குடியிருப்புகளில் இதனைச் செய்ய நமக்குத் தடை என்ன?

என் தாயாரை நடக்க வைத்தவர் மருத்துவரும் அல்லர், நானும் அல்லேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளே அப்பணியைச் செய்தாள். மாலைதோறும் பாட்டியின் கையைப் பிடித்துக் கீழே அழைத்துச் சென்றாள். முதல்நாள் ஒரு மரம்வரை. அடுத்த வாரம் இரண்டாம் மரம்வரை. "இது புங்கமரம், எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும்" என்று பாட்டி சொல்ல, "இதற்குக் கன்னடத்தில் ஹொங்கே என்று பெயர் பாட்டி" என்று பேத்தி சொன்னாள். மரத்துக்கு ஒரு பெயராகத் தமிழும் வளர்ந்தது, காலும் வளர்ந்தது. நான் வகுப்பறையில் ஓராண்டில் கற்பிக்க முடியாத சொற்களை என் மகள் அந்த நடையில் கற்றாள்.

அவருடைய வலி முற்றும் நீங்கிவிட்டதா? இல்லை. குளிர்ந்த காலை நேரங்களில் இன்றும் முட்டியைத் தடவிக்கொண்டே எழுகிறார். ஆனால், கையூன்றாமல் எழுகிறார். சென்ற பொங்கல் நாளில் கதவைத் திறந்து பார்த்தபோது, அந்த இரண்டடி ஓடுதளத்தில் சிறு கோலம் ஒன்று இருந்தது. குனிந்து இட்டவர் என் தாயார். தொலைக்காட்சிக்கு எதிரே இருந்த மெத்தை நாற்காலியில் இப்போது என் மகளின் புத்தகப்பை அமர்ந்திருக்கிறது.

மாணவர்களே! இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டியிடம் "வலிக்கிறதா? உட்காருங்கள்" என்று சொல்லாதீர்கள். "வாங்க பாட்டி, அந்த மரம்வரை போய் வரலாம்" என்று சொல்லிக் கையை நீட்டுங்கள். உடன் யாரும் இல்லாதவர் அடுத்த வீட்டுத் தாத்தாவிடம் நீட்டுங்கள். அவர்கள் உங்களுக்கு நடை கற்பித்தபோது நீட்டிய கைக்கு அதுவே நன்றியாகும்.

சொற்பொருள்

அசையாமை – உடல் இயக்கமின்றி இருத்தல்
இயன்முறை மருத்துவர் – பயிற்சி முதலிய வழிகளால் உடல் இயக்கத்தைச் சீராக்கும் மருத்துவர்
உயிர்வளி – ஆக்சிஜன்
குருத்தெலும்பு – எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான திசு
செக்குமாடு – எண்ணெய் ஆட்டும் செக்கைச் சுற்றிவரும் மாடு
நடத்துநர் – பேருந்தில் பயணச்சீட்டு வழங்குபவர்
மின்தூக்கி – லிஃப்ட்
விழுக்காடு – சதவீதம்

சிந்தித்து விடை எழுதுக

1. ஆசிரியர் தம் தாயாருக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்ததன் நோக்கம் யாது? அதன் விளைவு யாது?
2. டாலஸ் நகர ஆய்வு முதுமையைப் பற்றி நமக்கு உணர்த்துவது என்ன?
3. குருத்தெலும்பு உணவு பெறும் முறையை எந்த உவமையால் ஆசிரியர் விளக்குகிறார்?
4. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை ஆசிரியர் எந்தப் பொருளில் ஏற்கிறார்? எந்தப் பொருளில் மறுக்கிறார்?
5. "முதியோரை உட்கார வைப்பதும் அன்பே" என்று உங்கள் நண்பர் வாதிட்டால் நீங்கள் கூறும் மறுமொழியைப் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டு முதியவர் ஒருவருடன் ஒரு வாரம் மாலைநடை செல்க. நாள்தோறும் நடந்த நேரத்தையும், அவரிடமிருந்து கற்ற புதிய தமிழ்ச் சொற்களையும் ஏட்டில் குறித்து வந்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.